வாய் தவறிய இரவில் எடுக்க வேண்டிய முடிவு: மன்னிப்பின் வழிகள், ஓர் ஒப்பீடு

மேடையில் ஒரு பேச்சு தடம் மாறிவிட்டது. பேசியவர் வண்டி ஏறுவதற்குள் அந்த முப்பது நொடி தனியாக வெட்டப்பட்டு வாட்ஸ்அப்பில் ஓடத் தொடங்கிவிட்டது. இரவு விவாதத்துக்குத் தலைப்பு கிடைத்துவிட்டது. மறுநாள் காலை விமான நிலைய வாசலில் மைக்குகள் காத்திருக்கும். நடுவில் இருப்பது ஓர் இரவுதான். அதற்குள் பேசியவரும் அவரைச் சுற்றியிருக்கும் நாலைந்து பேரும் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். மாவட்டச் செயலாளருக்கும் இது நடக்கிறது, மத்திய அமைச்சருக்கும் நடக்கிறது.

அவர்கள் முன்னால் இருக்கும் வழிகள் அதிகமில்லை. என் பேச்சைத் திரித்துவிட்டார்கள் என்று சொல்லலாம். யார் மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறேன் என்று ஓர் அறிக்கை விடலாம். நேராக மன்னிப்பு கேட்கலாம். கேட்க மாட்டேன் என்று நிற்கலாம். அடுத்த பரபரப்பு வரும்வரை வாயைத் திறக்காமல் இருந்துவிடலாம்.

எது நல்லது என்று பார்ப்பதற்கு முன்னால் ஓட்டுக் கணக்கை ஓரமாக வைத்துவிடுகிறேன், ஏனென்றால் அது பிடிபடுவதில்லை. 2006-இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் செனட்டர் ஜார்ஜ் ஆலன், எதிரணிக்காகக் கேமரா பிடித்து வந்த இந்திய வம்சாவளி இளைஞர் ஒருவரைக் கூட்டத்தில் சுட்டிக்காட்டி இழிசொல்லால் அழைத்தார். நவம்பரில் சுமார் 9,000 ஓட்டில் தோற்றார். பிரிட்டனில் 2010 தேர்தலின்போது பிரதமர் கார்டன் பிரவுன், ராச்டேலில் தன்னிடம் கேள்வி கேட்ட மூதாட்டியை, சட்டையில் மைக் ஓடிக்கொண்டிருப்பது தெரியாமல், காருக்குள் இழிவாகப் பேசினார். நாடு முழுக்க அவர் கட்சி தோற்றது, ஆனால் அந்த ராச்டேல் தொகுதியை எதிர்க்கட்சியிடமிருந்து கைப்பற்றியது. 2021-இல் திமுகவின் ஆ. ராசா அன்றைய முதல்வரின் பிறப்பை வைத்துப் பேசியது பிரச்சாரத்தின் கடைசி நாட்களில் வெடித்தும் திமுக ஆட்சியைப் பிடித்தது. ஆகவே நான் வைத்துக்கொள்ளும் அளவுகோல் வேறு. காயப்பட்டவருக்கு என்ன போய்ச் சேர்ந்தது? அதை மட்டும் பார்க்கிறேன்.

திரித்துவிட்டார்கள் என்னும் வழி

எல்லோரும் முதலில் ஓடுவது இங்கேதான். சில சமயம் அது உண்மையாகவும் இருக்கும். முன்னும் பின்னும் வெட்டிப் பேச்சின் பொருளையே மாற்றிவிடுகிற வேலை நம் ஊரில் நாள்தோறும் நடக்கிறது. அப்படி நடந்திருந்தால் முழு வீடியோவை அன்றிரவே வெளியிட்டுவிட வேண்டும். முழு வீடியோவை வெளியிடத் தயங்குகிறார்கள் என்றால் திரித்துவிட்டார்கள் என்ற வாதம் நிற்காது.

ஆ. ராசா விவகாரத்தில் விளக்கம்தான் முதலில் வந்தது. அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமியின் அரசியல் வளர்ச்சியை ஸ்டாலினுடன் ஒப்பிட, பிறப்பை வைத்து ஓர் உவமை சொன்னார்; அதைத் தவறாகப் புரிந்துகொண்டார்கள் என்றார். மார்ச் 28-ஆம் தேதி திருவொற்றியூர் பிரச்சாரத்தில் பழனிசாமி தன் தாயைப் பற்றிப் பேசும்போது குரல் உடைந்து கண் கலங்கினார். அந்தத் தாய் 2020 அக்டோபரில்தான் இறந்திருந்தார். மறுநாள் உதகையில் ராசா முதல்வரிடம் மன்னிப்பு கேட்டார். தேர்தல் ஆணையம் அதோடு விடவில்லை. தாய்மையின் கண்ணியத்தைக் குறைக்கிற பேச்சு என்று குறிப்பிட்டு, 48 மணி நேரம் பிரச்சாரம் செய்யத் தடை விதித்தது. நட்சத்திரப் பேச்சாளர் பட்டியலிலிருந்தும் பெயரை எடுக்கச் சொன்னது.

ராசா கேட்ட மன்னிப்பில் மனம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். வரிசைதான் அதைக் கெடுத்துவிட்டது. முதலில் விளக்கம், அப்புறம் எதிரில் இருப்பவரின் கண்ணீர், அதன் பிறகு மன்னிப்பு என்றால், கேட்பவர்கள் அதைக் கண்ணீருக்கான பதிலாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். இன்னொன்றும் இருக்கிறது. மன்னிப்பு முதல்வருக்குப் போனது. அந்தப் பேச்சில் அடிபட்டது பிறப்பும் தாயும். திருமணம், குழந்தை, பிறப்பு ஆகியவற்றை வைத்து ஊர் வாயில் அடிபடுகிற எத்தனையோ பெண்கள் அதே வீடியோவைப் பார்த்தார்கள். அவர்களை நோக்கி ஒரு வரி இருந்திருக்கலாம்.

ஆலனும் இதே பாதையில்தான் போனார். அந்த இளைஞரின் தலைமுடி அலங்காரத்தைத்தான் கிண்டல் செய்தோம் என்று முதலில் விளக்கம் வந்தது. அந்த இளைஞரைத் தொலைபேசியில் கூப்பிட்டு மன்னிப்பு கேட்க ஏறக்குறைய இரண்டு வாரம் ஆனது.

“யார் மனமாவது புண்பட்டிருந்தால்…”

நம் அரசியலில் அதிகம் புழங்குவது இந்த வழிதான். இருப்பதிலேயே மோசமானதும் இதுதான் என்பது என் முடிவு. “இருந்தால்” என்று சொன்ன உடனே, புண்பட்டதை நிரூபிக்கும் வேலை புண்பட்டவர் தலையில் விழுகிறது. உனக்கு வலித்ததா, ஏன் வலித்தது, உனக்கு மட்டும்தானே வலித்தது என்று அடுத்த இரண்டு நாள் விவாதம் அவரைச் சுற்றியே நடக்கும். சொன்னவர் ஒதுங்கிக்கொள்வார்.

சொன்னவருக்கும் இது லாபமில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மத்திய இணை அமைச்சர் ஷோபா கரந்த்லாஜே 2024 மார்ச் 19-ஆம் தேதி, பெங்களூரு ராமேஸ்வரம் கஃபே குண்டுவெடிப்பைத் தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களோடு சேர்த்துப் பேசினார். வேகத்தில் குறை சொல்ல முடியாது. அன்றிரவே எக்ஸ் தளத்தில் தமிழ் மக்களிடம் மன்னிப்பு கேட்டு, சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். ஆனால் அதே பதிவில் விளக்கமும் இருந்தது, சிலருக்கு வலி ஏற்பட்டதாகத் தெரிகிறது என்ற அளவீடும் இருந்தது. அதே பேச்சில் கேரளத்தவர் ஒருவரைக் குறிப்பிட்டு ஆசிட் வீச்சைப் பற்றியும் சொல்லியிருந்தார். கேரளத்துக்கு அந்தப் பதிவில் ஒரு வரி இல்லை. மதுரையில் வழக்குப் பதிவானது, விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. கடைசியில் செப்டம்பரில் நீதிமன்றத்தில் மன்னிப்பு கோரி மனு தாக்கல் செய்தார், தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்டது, வழக்கு ரத்தானது. ஒரு பேச்சுக்கு இரண்டு மன்னிப்பு, நடுவில் ஆறு மாதம். முதல் நாளே நிபந்தனை இல்லாமல் கேட்டிருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்க வேண்டியதில்லை என்றுதான் நினைக்கிறேன்.

ராகுல் காந்திக்கும் 2019-இல் இதுவே நடந்தது. ரஃபேல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லாத ஒன்றை, தேர்தல் சூட்டில் நீதிமன்றமே சொன்னதாகப் பேசிவிட்டார். அவமதிப்பு வழக்கு வந்தது. முதலில் தாக்கல் செய்த பதிலில் வருத்தம் என்றார். நீதிபதிகள் திருப்தி அடையவில்லை. அடுத்ததில் அந்த வருத்தத்தை அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தார்கள். ஏன் இப்படி என்று நீதிமன்றம் கேட்டது. மே 8-ஆம் தேதி நிபந்தனையற்ற மன்னிப்பு தாக்கலானது. இனி கவனமாக இருங்கள் என்ற அறிவுரையோடு நவம்பரில் வழக்கு முடிந்தது. தேர்தல் நடுவில் மூன்று முறை தலைப்புச் செய்தி ஆனதுதான் மிச்சம்.

அரவிந்த் கெஜ்ரிவால் 2018-இல் எடுத்தது வேறொரு வகை. அவதூறு வழக்குகளை முடித்துக்கொள்ள பஞ்சாபின் பிக்ரம் சிங் மஜீதியா, நிதின் கட்கரி, கபில் சிபல், அருண் ஜேட்லி என்று வரிசையாக மன்னிப்பு கேட்டார். வழக்குகள் முடிந்தன. ஆனால் மஜீதியா மேல் சொன்ன போதைப்பொருள் குற்றச்சாட்டை நம்பித் தெருவில் இறங்கிய பஞ்சாப் தொண்டர்களுக்கு என்ன சொல்வது? அங்கே கட்சித் தலைவராக இருந்த பகவந்த் மான் பதவியிலிருந்து விலகினார். மன்னிப்புக்கு முன்னால் சொந்த ஆட்களோடு பேச வேண்டியதும் அந்த இரவின் வேலைதான்.

நேராகக் கேட்பது

2009 மார்ச்சில் பராக் ஒபாமா, பதவியேற்ற இரண்டே மாதத்தில், ஜே லெனோவின் இரவு நிகழ்ச்சியில் தன் பௌலிங் ஆட்டத்தைப் பற்றிச் சிரித்துக்கொண்டே பேசும்போது, அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸைக் கிண்டலாகக் குறிப்பிட்டுவிட்டார். நிகழ்ச்சி பதிவாகி ஒளிபரப்பாகச் சில மணி நேரம் இருந்தது. ஒளிபரப்புக்கு முன்னாலேயே, விமானத்திலிருந்து அந்த அமைப்பின் தலைவரைத் தொலைபேசியில் அழைத்து மன்னிப்பு கேட்டார். நாடு அந்தப் பேச்சைக் கேட்கும்போதே, கேட்க வேண்டியவரிடம் கேட்டாகிவிட்டது. சர்ச்சை வராமல் போகவில்லை. ஆனால் மன்னிப்பு கேட்பாரா மாட்டாரா என்ற இழுபறி மட்டும் இல்லாமல் போனது. நம் ஊர் மேடைப் பேச்சுக்கு இந்தச் சில மணி நேரம் கிடைப்பதில்லை, பேசும்போதே நேரலை போகிறது. இருந்தாலும் வரிசை இதுதான்: முதலில் காயப்பட்டவர், பிறகு கேமரா.

பிரவுனும் நேரில் போனார். ராச்டேலில் அந்த மூதாட்டியின் வீட்டுக்குள் முக்கால் மணி நேரம் போல இருந்துவிட்டு வெளியே வந்து, மனம் வருந்தும் பாவி நான் என்ற பொருளில் சொன்னார். வீட்டுக்குள் நடந்தது அவர்கள் இருவருக்கும்தான் தெரியும். செய்தியில் நின்றது வேறு படம். தன் பேச்சின் ஒலிப்பதிவை வானொலி நிலையத்தில் போட்டுக்காட்டியபோது, கேமரா இருப்பதை உணராமல் அவர் தலையைக் கையில் புதைத்துக்கொண்ட காட்சி. மன்னிப்பைவிட அவமானம் நல்ல படமாக அமைந்துவிடுகிறது.

நேராகக் கேட்பதிலும் எதற்குக் கேட்கிறோம் என்பது சரியாக விழ வேண்டும். பிரிட்டனின் துணைப் பிரதமர் நிக் கிளெக் 2012-இல் வீடியோ போட்டு மன்னிப்பு கேட்டார். பல்கலைக்கழகக் கட்டணத்தை உயர்த்த விட மாட்டோம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வாக்குறுதி 2010-இல் உடைந்து, கட்டணம் 9,000 பவுண்டு வரை போயிருந்தது. கிளெக் கேட்டது வாக்குறுதி கொடுத்ததற்கு. கட்டணம் உயர்ந்ததற்கு அல்ல. கடன் சுமந்த மாணவருக்கு அதில் எதுவும் இல்லை. அந்த வீடியோ கேலிப் பாட்டாக மாறிச் சுற்றியது. 57 இடம் வைத்திருந்த கட்சி 2015-இல் எட்டுக்கு வந்தது. சரிவுக்குப் பல காரணங்கள் உண்டு. அந்த மன்னிப்பு அதைத் தடுக்கவில்லை என்பது மட்டும் தெளிவு.

விளக்கத்தை மன்னிப்போடு கலக்கக் கூடாது என்பதற்கு நம் சென்னையிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. 2018 ஏப்ரல் 17, ராஜ்பவன் செய்தியாளர் சந்திப்பு. ஆளுநர் பன்வாரிலால் புரோகித், கேள்வி கேட்ட பெண் செய்தியாளரின் கன்னத்தில், அவர் சம்மதமில்லாமல் தட்டினார். மறுநாளே கடிதம் எழுதி மன்னிப்பு கேட்டார். பேத்தி போல நினைத்தேன், நல்ல கேள்விக்குப் பாராட்டாகச் செய்தேன் என்று விளக்கமும் கொடுத்தார். அந்தச் செய்தியாளர் பதில் எழுதினார்: மன்னிப்பை ஏற்கிறேன், பாராட்டாகச் செய்தீர்கள் என்ற வாதத்தை ஏற்கவில்லை. இவ்வளவு தெளிவான பதிலை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அடுத்த சில நாளில் பெண் செய்தியாளர்களை இழிவுபடுத்தும் முகநூல் பதிவு ஒன்றை எஸ்.வி. சேகர் பகிர்ந்தார். படிக்காமல் பகிர்ந்துவிட்டேன் என்று சொல்லி நீக்கினார், மன்னிப்பும் கேட்டார். அதோடு வழக்கு முடியவில்லை. 2023-இல் உச்ச நீதிமன்றமும் அதை ரத்து செய்ய மறுத்தது. 2024 பிப்ரவரியில் ஒரு மாதச் சிறையும் 15,000 ரூபாய் அபராதமும் விதித்துத் தீர்ப்பு வந்தது. மன்னிப்பு கேட்டால் சட்டம் விட்டுவிடும் என்று யாராவது அந்த இரவில் ஆலோசனை சொன்னால் நம்ப வேண்டாம்.

நேராகக் கேட்பதற்கும் ஒரு காலம் இருக்கிறது. 2025 ஏப்ரலில் அமைச்சர் பொன்முடி, சைவ வைணவக் குறிகளையும் பாலியல் தொழில் செய்யும் பெண்ணையும் வைத்துச் சொன்ன ஆபாச நகைச்சுவை பரவியது. கனிமொழியே வெளிப்படையாகக் கண்டித்தார். 11-ஆம் தேதி துணைப் பொதுச் செயலாளர் பதவி போனது. மறுநாள்தான் மன்னிப்பு அறிக்கை வந்தது. உயர் நீதிமன்றம் தானாக விசாரணைக்கு எடுத்தது, 27-ஆம் தேதி அமைச்சர் பதவியும் போனது. தண்டனைக்குப் பின்னால் வரும் மன்னிப்பு, எவ்வளவு நல்ல சொற்களில் இருந்தாலும், தலைமையைப் பார்த்து எழுதியதாகத்தான் தோன்றும். பெண்களின் இலவசப் பேருந்துப் பயணத்தை ‘ஓசி’ என்று 2022-இல் அவர் சொன்னதும் அப்போது மறுபடி மேலே வந்தது.

கேட்க மாட்டேன் என்று நிற்பது

இந்த வழியை நான் மதிக்கிறேன், ஒரு நிபந்தனையோடு: சொன்னதை உண்மையிலேயே நம்ப வேண்டும், ஏன் நம்புகிறோம் என்று விளக்கவும் வேண்டும்.

2020 ஜனவரியில் ரஜினிகாந்த், பெரியாரின் 1971 சேலம் ஊர்வலத்தைப் பற்றிப் பேசியதற்கு மன்னிப்பு கேட்க மாட்டேன் என்று, ஒரு பத்திரிகைக் கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார். சனாதனம் பற்றிய பேச்சுக்கு 2023-இல் உதயநிதி மன்னிப்பு கேட்கவில்லை. கொள்கை என்றார், உச்ச நீதிமன்றத்தின் கடிந்துரையையும் வாங்கிக்கொண்டார். ஒருவருக்கு எதிரான கருத்தை வைத்திருப்பவர் மற்றவருக்குக் கைதட்டுவார். ஆனால் இருவரும் செய்தது ஒன்றே: எங்கே நிற்கிறேன் என்பதை மறைக்கவில்லை. விவாதம் விஷயத்தின் மேல் நடக்க அது வழிவிடுகிறது.

கமல்ஹாசன் 2025-இல் கன்னடம் தமிழிலிருந்து பிறந்தது என்று சொல்லிவிட்டு, தவறு இருந்தால்தான் மன்னிப்பு என்று நின்றார். கர்நாடக உயர் நீதிமன்றம் மன்னிப்பு கேட்டிருக்கலாமே என்றது. அவர் படம் அங்கே வெளியாகவில்லை. உச்ச நீதிமன்றமோ, மன்னிப்பு கேட்கச் சொல்வது நீதிமன்றத்தின் வேலையா என்று திருப்பிக் கேட்டது. மொழி வரலாற்றில் அவர் சொன்னது சரியா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. தமிழும் கன்னடமும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவை என்பதுதான் மொழியியலாளர்கள் பலரின் கருத்து. ஆனால் கூட்டத்துக்குப் பயந்து கேட்கும் மன்னிப்பால் யாருக்கும் எதுவும் கிடைக்காது என்பதில் அவர் பக்கம் நிற்கிறேன்.

நம்பாமல் கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் டாட் ஏகின் சாட்சி. 2012-இல் பாலியல் வன்கொடுமை பற்றி அவர் சொன்ன அபத்தத்துக்கு, மன்னித்துவிடுங்கள் என்று தொலைக்காட்சி விளம்பரமே கொடுத்தார். தேர்தலில் தோற்றார். இரண்டு ஆண்டு கழித்து, அந்த மன்னிப்பைக் கேட்டிருக்கக் கூடாது என்று எழுதினார். பாதிக்கப்பட்ட பெண்களுக்கு இது முதல் பேச்சைவிடக் கொடுமை.

பேசாமல் இருந்துவிடும் வழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சொன்னவருக்குச் சில சமயம் அது பலிக்கும். காயப்பட்டவருக்கு ஒன்றுமே கிடைக்காது.

ஆக, அந்த இரவில் என்னைக் கேட்டால் இப்படித்தான் சொல்வேன். சொன்னது தவறா என்பதை முதலில் உங்களுக்குள் முடிவு செய்யுங்கள். தவறு என்றால், யாரைப் பற்றிச் சொன்னீர்களோ அவரிடம், விடிவதற்குள், என்ன சொன்னேன் என்பதைக் குறிப்பிட்டுக் கேளுங்கள், விளக்கம் வேண்டாம். தவறில்லை என்றால் கேட்காதீர்கள், காரணத்தைச் சொல்லுங்கள். நடுவழி வேண்டவே வேண்டாம்.

செய்தி மேசைக்கும் ஒரு முடிவு உண்டு

இந்த விவகாரங்களில் ஊடகம் பார்வையாளர் மட்டும் இல்லை. எதைத் திரும்பத் திரும்பப் போடுவது, எதை ஸ்க்ரோலோடு விட்டுவிடுவது என்பது ஓர் ஆசிரியர் எடுக்கும் முடிவு. இரண்டு பக்கமும் தவறு நடந்திருக்கிறது.

2002 டிசம்பர் 5-ஆம் தேதி அமெரிக்க செனட்டர் ட்ரெண்ட் லாட், ஸ்ட்ராம் தர்மண்டின் நூறாவது பிறந்த நாள் விழாவில், 1948 அதிபர் தேர்தலில் இனப் பாகுபாட்டை ஆதரித்துப் போட்டியிட்ட தர்மண்ட் ஜெயித்திருந்தால் நாடு நன்றாக இருந்திருக்கும் என்ற பொருளில் பேசினார். செய்தியாளர்கள் அங்கேயே இருந்தார்கள். பெரிய பத்திரிகைகள் பலவும் அதை விழாப் பேச்சாகக் கடந்துவிட்டன. சில வலைப்பதிவர்கள் விடாமல் எழுதிய பிறகுதான் அது செய்தியானது. லாட் பலமுறை மன்னிப்பு கேட்டும் 20-ஆம் தேதி செனட்டில் தன் கட்சியின் தலைமைப் பொறுப்பை விட்டு விலக நேர்ந்தது.

நம்மிடம் இருப்பது எதிர் நோய். பேச்சு நூறு முறை ஓடுகிறது, மன்னிப்பு ஒரு கார்டில் முடிகிறது. மன்னிப்புச் செய்தியோடு பழைய வீடியோவையே மறுபடி ஓட்டுகிறார்கள். பிறப்பைப் பழித்த சொல்லும் ஆபாச நகைச்சுவையும் காயப்பட்டவர் காதில் இன்னொரு முறை விழுகின்றன. அதற்குப் பதில் அறிக்கையின் முழு வாசகத்தைக் காட்டலாம். முழுதாகப் படித்தால்தான், ஷோபாவின் பதிவில் கேரளம் இல்லை என்பது போன்றவை மக்கள் கண்ணில் படும். ‘மன்னிப்பு கேட்டார்’ என்ற தலைப்பை மட்டும் பார்ப்பவருக்கு, யாரிடம் கேட்டார், எதற்குக் கேட்டார் என்பது தெரியவே தெரியாது.

இன்னொரு குறையும் இருக்கிறது. விவாத மேசையில் நாலு கட்சிப் பேச்சாளர்கள் இருப்பார்கள், பேச்சில் அடிபட்டவர் இருக்க மாட்டார். பொன்முடி விவகாரத்தில் மாலைதோறும் விவாதம் பார்த்தேன். பாலியல் தொழில் செய்யும் பெண்கள் இதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று கேட்ட ஒரு நிகழ்ச்சியும் என் கண்ணில் படவில்லை. ராஜ்பவன் விவகாரத்தில் காயப்பட்டவர் செய்தியாளராக இருந்ததால் அவர் பதில் வெளியே வந்தது. மற்றவர்களுக்கு அந்த வசதி இல்லை. யாராவது போய்க் கேட்டால்தான் உண்டு.

கேட்பதிலும் கவனம் வேண்டும். ராச்டேலில் பிரவுன் உள்ளே போன நேரம் முழுக்க அந்த மூதாட்டியின் வீட்டு வாசலில் கேமராக்கள் குவிந்து நின்றன. பிரதமர் மட்டும் வெளியே வந்து பேசினார், அவர் வரவில்லை. ஒரு தொலைபேசி அழைப்பில் கேட்கலாம். பேச விருப்பமில்லை என்றால், அதையும் ஒரு வரியாகப் போட்டுவிட்டு விட்டுவிடலாம்.